இரண்டாவது வேட்டு

எங்கள் ஊரில் சுமோ மல்லன் ஷியோமினேயின் முதல் ரசிகை யார் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட ஒரிகாசா கினுவின் வீட்டைக் காட்டும். ஆனால் ஷியோமினே மேடை ஏறியதும் கினு டிவியை அணைத்துவிடுவாள். ரிமோட்டை மடியில் கவிழ்த்துவைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துவிடுவாள். மற்ற மல்லர்களின் ஆட்டம் எல்லாவற்றையும் பார்ப்பாள். யார் எந்தக் காலை முதலில் எடுத்துவைத்தார், எந்தக் கை எதிராளியின் கச்சையைப் பிடித்தது என்று மறுநாள் மீன் கூடத்தில் நின்று விளக்குவாள். அவன் ஆட்டம் மட்டும் கிடையாது.

"நான் பார்த்தா அவன் தோத்துடுவான்."

இதை அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. அவன் முதல் பிரிவுக்கு வந்த புதிதில் தொடர்ந்து ஆறு நாள் பார்த்தாளாம், ஆறு நாளும் தோல்வி. ஏழாம் நாள் அடுப்பில் பால் பொங்கியது என்று எழுந்து போனாள், ஜெயித்துவிட்டான். நான் மீனவர் சங்கத்தில் ஏலக் கணக்கு எழுதியவன். ஷியோமினேயின் ஆட்ட முடிவுகளும் முதல் நாளிலிருந்து என்னிடம் இருக்கின்றன. எடுத்துப் பார்த்து, அவள் பார்த்து அவன் ஜெயித்த ஆட்டங்களும் இருக்கின்றன என்று சொன்னேன்.

"அதெல்லாம் கண்ணை மூடிக்கிட்டுப் பார்த்தது, கணக்குப்பிள்ளை. அதை எப்படிச் சேர்ப்பீங்க?"

நோட்டை மூடிவைத்தேன்.

அவள் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைத்தவள். ஷியோமினே அப்போது காக்கெரு என்ற சொந்தப் பெயரில் மூன்றாம் வகுப்பில் இருந்தான். ஒரு பிள்ளைக்கு இரண்டு முறைதான் பரிமாற வேண்டும் என்பது விதி. அவன் மூன்றாவது முறையும் கிண்ணத்தோடு வந்து வரிசையின் கடைசியில் நிற்பான், எதுவும் கேட்கமாட்டான். அண்டாவின் அடியில் அவனுக்கென்று கொஞ்சம் விட்டுவைக்க ஆரம்பித்தாள். பதினைந்து வயதில் அவன் டோக்கியோவுக்கு மல்லனாகப் போனபோது ரயிலடியில் நாங்கள் எல்லாரும் கொடி பிடித்து நின்றோம். கினு ஒரு டப்பாவில் குழம்பு கொண்டுவந்திருந்தாள். "அந்த உடம்புல பாதி என் குழம்பு" என்று பிற்பாடு அவள் பெருமை பேசும்போது யாரும் மறுத்ததில்லை. அவளுக்கும் தொகுஜிக்கும் பிள்ளை இல்லை. அதனால்தான் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது தெரியாது, ஆகவே எழுதவில்லை.

தொகுஜி அவள் கணவன். சங்கத்தின் ஐஸ் ஆலையில் வேலை. கோடைத் திருவிழா வாணவேடிக்கைக்காக உரிமம் எடுத்து வைத்திருந்தான். ஷியோமினே முதல் பிரிவுக்கு ஏறிய வருஷம், அவன் ஜெயிக்கிற ஒவ்வொரு நாளும் அலைதடுப்புச் சுவரிலிருந்து ஒரு அதிர்வேட்டு போடுவது என்று ஊர் தீர்மானித்தது. கணவாய் மீன் கிழிக்கிற பெண்களுக்கும், வலை தைக்கிறவர்களுக்கும், வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் அதுதான் செய்தி. சத்தம் கேட்டால் வெற்றி, கேட்காவிட்டால் தோல்வி. பதினைந்து நாள் போட்டியில் எட்டாவது வெற்றி வருகிற அன்று மட்டும் இரண்டு வேட்டு. எட்டு வந்துவிட்டால் அந்த மல்லனின் நிலை காப்பாற்றப்பட்டது என்று பொருள். முதல் வேட்டின் புகை கலைந்ததும் இரண்டாவதற்குத் திரி வைக்க வேண்டும்.

பக்கத்தில் இன்னொரு ஆள் நிற்காமல் வெடி போடக்கூடாது என்பது தீயணைப்பு நிலையத்தின் நிபந்தனை. அந்த இன்னொரு ஆள் நான். வேட்டு முடிந்ததும் சங்கத்து வாசல் பலகையில் வெற்றிக்கு வெள்ளை வட்டோ தோல்விக்குக் கறுப்பு வட்டோ மாட்டுவதும் என் வேலைதான். ஆகவே கீழே சொல்பவற்றில் கரையில் நடந்தது நான் பார்த்தது. வீட்டில் நடந்ததில் ஒரு பகுதி நான் பார்த்தது, ஒரு பகுதி கினுவே சொன்னது.

தொகுஜிக்குச் சுமோ பிடிக்காது. அவன் பேஸ்பால் ஆள். பன்னிரண்டு வருஷம் வெடி போட்டும் தள்ளி வெளியேற்றுவதற்கும் தூக்கி வெளியேற்றுவதற்கும் அவனுக்கு வித்தியாசம் தெரியாது. ரேடியோவை மேல்கோட்டுக்குள் வைத்துக்கொண்டு, வர்ணனையாளர் குரல் ஏறுவதை மட்டும் கவனிப்பான்.

"ரெண்டு தடியனுங்க மோதிக்கறானுங்க, நாலு நொடியில முடிஞ்சிடுது. இதுக்கு நான் அரை மணி நேரம் மூக்கு உறைஞ்சு நிக்கணும்" என்பான்.

"வேற ஆளை வெச்சுக்கச் சொல்லேன்."

"சொன்னா அவ என்னை வீட்டுக்குள்ள விடுவாளா அண்ணே?"

போன மே மாதம் கினுவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. எங்கள் மருத்துவமனை டாக்டரம்மா இளவயதுப் பெண், ஒளிக்கத் தெரியாதவர். ஹிரோசாகி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் உடனே அறுவை சிகிச்சை செய்துகொள்ளுங்கள் என்றார். கினு தலையாட்டினாள்.

"நகோயா முடியட்டும்."

ஜூலை மாதப் போட்டி நகோயாவில். அதில் ஷியோமினே மோசமாக ஆடினான். இப்படித் தோற்று நிற்கிறவனை விட்டுவிட்டு எப்படிப் போவது என்றாள். செப்டம்பரில் நன்றாக ஆடினான். இவ்வளவு நல்லா ஆடுறப்ப நான் இடம் மாறிப் படுத்தா கெட்டுப்போயிடும் என்றாள். நவம்பரில் அவன் முழங்கால் திருகிக்கொண்டது, தோல்விக்கு மேல் தோல்வி. ஜனவரிப் போட்டிக்கான பட்டியலில் அவன் பெயர் முதல் பிரிவின் கடைசி வரியில் வந்தது. அதற்குக் கீழே இரண்டாம் பிரிவுதான்.

டிசம்பரில் கினுவால் சோறு சாப்பிட முடியவில்லை, கஞ்சி மட்டும் இறங்கியது. டாக்டரம்மா பனியில் நடந்து வீட்டுக்கே வந்தார்.

"கினுசான், ஜனவரி கடைசிக்குள்ள. அதுக்கு மேல தள்ளினா கத்தி வைக்கறதுல அர்த்தம் இருக்காது."

"ஜனவரி கடைசியிலதானே போட்டி முடியுது" என்றாளாம் கினு. டாக்டரம்மா தொகுஜியைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் காலணியை மாட்டிக்கொண்டாராம். போட்டியின் கடைசி நாளுக்கு மறுநாளைக்கென்று ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில் சொல்லிவைத்தார்.

புத்தாண்டு வணக்கம் சொல்ல நான் போனபோது கினு அடியில் கணப்பு வைத்த தாழ்ந்த மேசைக்குள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கழுத்து எலும்பு தெரிந்தது. எனக்கு மட்டும் சாராயம் ஊற்றினாள்.

"பேப்பர்ல பார்த்தீங்களா கணக்குப்பிள்ளை? கீழ்ப் பிரிவுக்கு இறங்கினா குடுமியை அறுத்துட்டு ஆட்டத்தையே விட்டுடுவேன்னு சொல்லியிருக்கான்."

"முப்பத்தாறு வயசு ஆயிடுச்சே" என்றேன்.

"அவன் எட்டு எடுத்தா நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். எடுக்கலைன்னா அவனும் நிறுத்திக்கட்டும், நானும் நிறுத்திக்கறேன்."

தொகுஜி அடுப்பில் புத்தாண்டு மொச்சி அரிசிக் கட்டிகளைச் சுட்டுக்கொண்டிருந்தான். இடுக்கியைக் கீழே போட்டான். "பைத்தியமாடி உனக்கு? அவன் முழங்காலுக்கும் உன் வயித்துக்கும் என்ன சம்பந்தம்?"

"இருக்கு."

"என்ன இருக்கு?"

"உங்களுக்குப் புரியாது. நீங்க பேஸ்பால்."

கிளம்பும்போது தொகுஜி வாசல்வரை வந்தான். "பயம் அண்ணே. பயத்தைக் கொண்டுபோய் அந்தப் பையன் முதுகுக்குப் பின்னால ஒளிச்சு வெச்சிருக்கா. வெளியே இழுத்தா கடிக்க வரா" என்றான். பிறகு என்னிடம் முதல்முறையாக ஒரு சுமோ கேள்வி கேட்டான். "அண்ணே, கடைசி வரியில இருக்கறவன் எட்டு எடுக்கறது நடக்கற காரியமா?"

போட்டி தொடங்கியது. முதல் வாரம் ஷியோமினே எங்களை ஏமாற்றினான், அவ்வளவு நன்றாக ஆடினான். கட்டுப்போடாத முழங்காலோடு சின்னப் பையன்களை நெஞ்சால் தள்ளிக்கொண்டு போனான். வேட்டுச் சத்தம் கேட்ட நாள் கினு ஒரு கிண்ணம் கஞ்சி குடிப்பாள். கேட்காத நாள் முகத்தைச் சுவரோடு வைத்துக்கொள்வாள், கரண்டியைக் கிட்டே கொண்டுபோனாலும் வாய் திறக்கமாட்டாள். தொகுஜி ஒவ்வொரு நாளும் வெடி போட்டுவிட்டு மேட்டுத் தெருவில் ஓடுவான், அவள் குடிப்பதைப் பார்க்க. தோற்ற நாளில் மெதுவாக ஏறுவான்.

"கதவைத் திறந்தா என் கையைத்தான் பார்க்கறா அண்ணே. வெடிமருந்து வாசனை கையில இருக்கான்னு."

பன்னிரண்டாம் நாள் முடிவில் ஏழு வெற்றி வந்துவிட்டது. மூன்று நாளில் ஒன்றே ஒன்று வேண்டும். பலகையில் ஏழாவது வெள்ளை வட்டை மாட்டியபோது கூடத்துப் பெண்கள் கைதட்டினார்கள். தொகுஜி அன்று இரண்டு பெரிய வேட்டுகளை ஐஸ் ஆலைக் கிடங்கிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்தான்.

பதிமூன்றாம் நாள் தோல்வி. பதினான்காம் நாள் முழங்கால் மடிந்து மேடையிலிருந்து கீழே விழுந்தான். கறுப்பு வட்டுகளை மாட்டும்போது கூடத்துப் பெண்கள் கத்தியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அந்த இரண்டு நாளும் கினு தண்ணீர் மட்டும் குடித்தாள்.

பதினான்காம் நாள் மாலை அலைதடுப்பில் வேட்டுக் குழாய்களை மூடிக்கொண்டிருந்தபோது தொகுஜி கேட்டான்.

"நாளைக்கு அவன் தோத்தாலும் ரெண்டு போட்டுடட்டுமா?"

"ஊர் முழுக்க டிவி இருக்கு தொகுஜி. ராத்திரிக்குள்ள ஆறு பேர் போன் பண்ணுவாங்க."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் கேக்கறியா?"

"யார்கிட்டயாவது கேக்கணும்னு இருந்தது. கேட்டுட்டேன்."

கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. கடலிலிருந்து பனி பக்கவாட்டில் அடித்தது. சுவரின் முனையில் நிற்க முடியாமல் ஐஸ் ஆலையின் மறைவில் குழாய் இரண்டையும் நட்டிருந்தான். எப்போதும் ஒரு விதி வைத்திருந்தோம். மேடை நடுவர் விசிறியை யார் பக்கம் காட்டினாலும் அசையக்கூடாது. ஜெயித்தவன் பெயரை அவர் உரக்கச் சொல்லி முடித்த பிறகுதான் திரி. ஏனென்றால் மேடையைச் சுற்றி ஐந்து நடுவர்கள் கறுப்பு உடையில் கீழே மெத்தைமேல் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் ஒருவர் கை தூக்கினால் முடிவு நின்றுபோகும். எல்லாரும் மேடையேறிக் கூடிப் பேசுவார்கள். முடிவு மாறவும் மாறலாம். பன்னிரண்டு வருஷத்தில் தொகுஜி ஒருமுறைகூட அவசரப்பட்டதில்லை. ஆட்டத்தில் அக்கறை இல்லாதவனுக்கு அவசரமும் இருக்காதல்லவா? அன்று ஆட்டம் தொடங்குமுன்பே பற்றவைக்கும் கோலைக் கொளுத்திக் கையில் வைத்திருந்தான். பனியில் பிறகு பற்றாது என்பதற்காக என்று நினைத்தேன்.

எதிராளி கீழ்ப் பிரிவிலிருந்து வந்த இருபத்திரண்டு வயதுப் பையன், வாகாட்சுரு. அவன் ஜெயித்தால் அவன் மேலே, ஷியோமினே கீழே. ரேடியோவைக் கோட்டிலிருந்து வெளியே எடுத்துப் பெட்டிமேல் வைத்தான் தொகுஜி. அதன் மேல் பனி விழாமல் நான் கையால் மறைத்தேன்.

"மோதிக்கொண்டார்கள்! வாகாட்சுரு தள்ளுகிறார், தள்ளுகிறார், ஷியோமினே விளிம்பில், காலை ஊன்றிவிட்டார், திருப்புகிறார், வீசினார்! இருவரும் ஒன்றாக விழுந்தார்கள்! விசிறி ஷியோமினே பக்கம்! ஷியோமி..."

மிச்சத்தை நாங்கள் கேட்கவில்லை. தொகுஜி திரி வைத்துவிட்டான். குழாய் இருமியது, மேகத்துக்குள் எங்கோ வெடித்தது, மலை அதைத் திருப்பி அனுப்பியது. கூடத்துப் பக்கம் பெண்கள் கத்துவது கேட்டது. தொகுஜி வாய் திறந்து சிரித்தான். அவன் பல் முழுக்கத் தெரிகிற மாதிரிச் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. கோலை எடுத்துக்கொண்டு இரண்டாவது குழாயிடம் போனான்.

"இல்லை, கை தூக்கிவிட்டார்கள்" என்றது ரேடியோ. "கிழக்குப் பக்க நடுவர் கை தூக்கியிருக்கிறார். ஐந்து பேரும் மேடையேறுகிறார்கள்."

தொகுஜியின் கையை நான் பிடித்துக்கொண்டேன். பிடித்திருக்கத் தேவையில்லை. கோல் ஏற்கெனவே பனியில் விழுந்து அணைந்திருந்தது.

"என்ன அண்ணே? என்ன சொல்றான்?"

"பேசறாங்க."

"என்ன பேசணும்? விசிறி காட்டியாச்சே!"

"இரு."

ரேடியோவில் கூட்டத்தின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு தலைமை நடுவரின் குரல், தேய்ந்த ஒலிபெருக்கி வழியாக. இருவர் உடலும் ஒரே நேரத்தில் விழுந்ததாகக் கண்டோம், மறு ஆட்டம் என்றார்.

வீட்டில் நடந்ததைக் கினு பிறகு சொன்னாள். வழக்கம்போல டிவியை அணைத்துவிட்டு, ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்துவைத்து, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சத்தம் கேட்டது. எழுந்து உட்கார்ந்துவிட்டாள். இரண்டாவதற்குக் காத்திருந்தாள். புகை கலையும் நேரம் அவளுக்குத் தெரியும். அது கடந்து போயிற்று. இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். திரி நனைந்துவிட்டதோ, தொகுஜிக்குக் கை சுட்டுவிட்டதோ என்று யோசித்தாளாம். எப்படியும் ஜெயித்தாயிற்று, இனிப் பார்த்தால் என்ன என்று டிவியைப் போட்டாள். திரையில் ஷியோமினே முகத்தைத் துடைத்துக்கொண்டு, மேடையில் தூவுகிற உப்பை அள்ளி, மறுபடி மேடைக்கு வந்துகொண்டிருந்தான்.

அணைத்திருக்கலாம். ரிமோட் கையில்தான் இருந்தது. "கை வரலை" என்றாள்.

மறு ஆட்டம் சட்டென்று முடிந்தது. முழங்காலில் பலமே இல்லை. வாகாட்சுரு இரண்டு கையாலும் நெஞ்சில் வைத்துத் தள்ளிக்கொண்டே வெளியே கொண்டுபோய்விட்டான்.

தொகுஜி அந்த இடத்திலேயே பனியில் உட்கார்ந்துவிட்டான். நான் மிச்ச வேட்டைக் குழாயிலிருந்து எடுத்துப் பெட்டியில் வைத்து மூடினேன். சங்கத்து வாசலில் எட்டாவது கறுப்பு வட்டை மாட்டினேன். மாட்டாமல் போக முடியாது. பிறகு அவனை எழுப்பி மேட்டுத் தெருவில் கூட்டிப்போனேன். பாதி வழியில் நின்றான்.

"நான் வேட்டுப் போட்டதுனால அவ சந்தோஷமா இருப்பா அண்ணே. இப்ப நான் போய் அதைப் பிடுங்கணும்."

கதவைத் திறந்தபோது டிவி ஓடிக்கொண்டிருந்தது. வேறு யாரோ ஆடிக்கொண்டிருந்தார்கள். கினு மெத்தையில் உட்கார்ந்து, அவன் கையைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தாள்.

"நான் பார்த்துட்டேங்க" என்றாள். "நான் பார்த்தேன், அவன் தோத்துட்டான்."

தொகுஜி பூட்ஸைக்கூடக் கழற்றாமல் பாய்மேல் ஏறிவிட்டான். "நான்தான் கினு. பேர் சொல்றவரைக்கும் காத்திருக்கலை. போட்டுட்டேன். நான் போடலைன்னா நீ டிவி போட்டிருக்க மாட்டே."

"பேர் சொல்றதுக்கு முன்னாலயா?"

"ஆமா."

"பன்னிரண்டு வருஷம் இல்லாம இன்னைக்கா?"

"ஆமாண்டி, இன்னைக்குத்தான்!"

அவள் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. போர்வையின் ஓரத்தை நேராக இழுத்துவிட்டாள். "வணக்கம் சொல்லிட்டு இறங்கறப்ப திரும்பி மேடையைப் பார்த்தான். ரொம்ப நேரம். அப்படிப் பார்க்கறவன் குடுமியை அறுத்துடுவான். சரி, விடுங்க. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடுங்க. ஒருவேளை அவன் நிறுத்தலைன்னா மார்ச்சுல பார்ப்போம். ஒசாகாவுல."

"மார்ச்சா?"

"அடுத்த போட்டி."

தொகுஜி அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். கோட்டிலிருந்து பனி உருகிச் சொட்டியது. பிறகு மெத்தையின் ஓரமாகப் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். முதுகை நிமிர்த்தி, வலது கையை நேராக மேலே தூக்கினான். தூக்கியபடியே இருந்தான்.

"என்ன இது?" என்றாள் கினு.

"மறுப்பு."

"நீங்க நடுவரா?"

"அவனுங்க மெத்தைமேல உக்கார்ந்து பார்க்கறானுங்க. நான் பனியில நின்னவன். எனக்கு உரிமை இருக்கு."

"தரையை நனைக்கறீங்க."

"பேசாதே. நடுவர் கை தூக்கினா மல்லன் வாயை மூடிக்கிட்டு நிக்கணும். அதுவாவது எனக்குத் தெரியும்." அவன் கை இறங்கவில்லை. "நான் அவசரப்பட்டேன், நீ பார்த்துட்டே. உன் காலும் என் காலும் ஒண்ணா வெளியே போச்சு. உனக்கும் வெற்றி இல்ல, எனக்கும் இல்ல. மறு ஆட்டம்."

"அதைத்தானே நானும் சொல்றேன், மார்ச்சுல..."

"மறு ஆட்டம்னா உடனே!" கத்திவிட்டான். "அவனைப் பார்த்து மார்ச்சுல வான்னு சொன்னாங்களா? மூச்சு வாங்கறதுன்னு விட்டாங்களா? முழங்கால் போச்சேன்னு விட்டாங்களா? முகத்தைத் துடைச்சுக்கோ, ஏறுன்னாங்க. ஏறினானா இல்லையா? நீதானே பார்த்தே? நான் பார்க்கலையே, சொல்லு!"

டிவியில் யாரோ ஜெயித்துக் கூட்டம் ஆர்ப்பரித்தது. கினு அதை அணைத்தாள். ஐஸ் ஆலையின் இயந்திரச் சத்தம் கீழேயிருந்து கேட்டது.

"ஏறினான்" என்றாள். "காலு நடுங்கிச்சு. உப்பு கையிலிருந்து பாதி முன்னாடியே கொட்டிடுச்சு. ஏறினான்."

பிறகு என்னைப் பார்த்தாள். "கணக்குப்பிள்ளை, உடனேதானா? மறுநாளுக்குத் தள்ளினது கிடையாதா?"

எனக்குத் தெரிந்து கிடையாது, எத்தனை காயம் இருந்தாலும் அன்றைக்கே, அதே மேடையில்தான் என்றேன். ஏற முடியாது என்றால் தோற்றதாக எழுதிவிடுவார்கள் என்பதையும் சொன்னேன். சொல்லவேண்டாம் என்று தொகுஜி கண் காட்டினான், ஆனால் அதுவும் விதியில் இருக்கிறது.

அவள் ரிமோட்டை மெத்தைக்கு அடியில் தள்ளினாள்.

"எனக்குப் பயமா இருக்குங்க."

"எனக்கு மட்டும் என்ன?" என்றான் தொகுஜி. கை இன்னும் மேலேதான் இருந்தது.

"இறக்குங்க கையை. வலிக்கும்." பிறகு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, "கஞ்சி இருக்கா?" என்றாள்.

ஷியோமினே தோற்ற நாளில் கினு சாப்பிட்டு நான் பார்த்தது அதுதான் முதல்முறை. பாதிக் கிண்ணம். தொகுஜி பூட்ஸோடு அடுக்களைக்கும் மெத்தைக்கும் நடந்தான். அவள் அதையும் திட்டினாள்.

மறுநாள் காற்றில் ரயில் ஓடவில்லை. சங்கத்து லாரியில் கினுவை நடுவில் உட்காரவைத்து, தொகுஜி ஓட்ட, நான் கதவோரம் உட்கார்ந்து ஹிரோசாகி போய்ச் சேர்ந்தோம். பனிச்சரிவு இருந்த இடத்தில் இரண்டு முறை நின்றோம். இரண்டு முறையும் அவள் "திரும்பிடலாமா?" என்றாள். இரண்டு முறையும் தொகுஜி ஸ்டீயரிங்கிலிருந்து வலது கையைத் தூக்கிக் காட்டினான்.

அறுவை சிகிச்சை எதிர்பார்த்ததைவிட நீண்டது. எடுக்க முடிந்ததை எடுத்தோம், எடுக்க முடியாததை விட்டிருக்கிறோம் என்றார் அங்கிருந்த டாக்டர். எவ்வளவு விட்டிருக்கிறது என்று தொகுஜி கேட்டதற்கு அவர் சரியாகப் பதில் சொல்லவில்லை. இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அவள் இன்னும் வீடு திரும்பவில்லை. உடம்பில் ஊசிக் குழாய் இருக்கிறது. பேசினால் களைத்துவிடுகிறாள்.

ஷியோமினே குடுமியை அறுத்துக்கொள்ளவில்லை. சொன்ன வார்த்தையைத் தின்றுவிட்டான் என்று பத்திரிகைகள் எழுதின. கீழ்ப் பிரிவில் பெயர் வந்தது. "வெட்கங்கெட்டவன்" என்றாளாம் கினு. சொல்லிவிட்டு அழுதாளாம்.

இப்போது ஒசாகா நடக்கிறது. கீழ்ப் பிரிவு ஆட்டத்துக்கு ஊரில் வேட்டு கிடையாது, ரேடியோவும் அதைச் சொல்வதில்லை. ஆஸ்பத்திரி அறையில் சின்ன டிவி இருக்கிறது. கினு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள், அவளுக்காகத் தொகுஜி பார்க்கிறான். ஜெயித்தால் கட்டில் கம்பியில் மோதிரத்தால் ஒருமுறை தட்ட வேண்டும். தோற்றால் ஒன்றும் செய்யக்கூடாது. சில நாள் அவன் தட்டாதபோதும் "தட்டினீங்களா?" என்று கேட்கிறாள். அவன் பொய் சொல்வதில்லை.

நேற்று எனக்குப் போன் செய்தான்.

"அண்ணே, இன்னைக்கு ஆறாவது வெற்றி. கையைப் போட்டு இழுத்து விழவெச்சான். எதிராளி கைக்கு மேலயா கீழயா கச்சையைப் பிடிச்சான்னு கேக்கறா. மேலன்னு நினைக்கறேன். மேல பிடிச்சு இழுத்தா அதுக்கு என்ன பேரு?"

சொன்னேன். எழுதிக்கொண்டிருக்கிறான் போல, திரும்பக் கேட்டான். போட்டியில் எத்தனை நாள் பாக்கி என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. இருவருக்கும் தெரியும்.

மிச்சமிருக்கிற வேட்டைத் திருப்பி அனுப்பிவிடலாமா என்று தீயணைப்பு நிலையத்தில் கேட்கிறார்கள், கிடங்கில் நெடுநாள் வைத்திருக்கக்கூடாதாம். அதையும் கேட்டேன்.

"அது எட்டுக்கு வாங்கினது அண்ணே" என்றான். "எட்டு இன்னும் வரலை."